டெவில்ஸ் க்ளா: கலஹாரி கிழங்கு மூட்டு வலிக்கு உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் வலி, இடுப்பு வலி என்று இணையத்தில் எதையாவது தேடினால் போதும், அடுத்த நாளிலிருந்து 'டெவில்ஸ் க்ளா எக்ஸ்ட்ராக்ட்' கேப்ஸ்யூல் விளம்பரம் துரத்த ஆரம்பித்துவிடும். ஜெர்மனி, லண்டன், கனடா பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு, மாமாவுக்கு என்று ஒரு டப்பா வாங்கி வந்து கொடுப்பதும் உண்டு. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, மூலிகைகள் மீது நடந்த ஆய்வுகளை விடாமல் படிக்கிற ஆள், அவ்வளவுதான்.

இது என்ன செடி? எங்கே வளர்கிறது?

தென் ஆப்பிரிக்கப் பகுதியில் இருக்கும் கலஹாரி மணல்வெளிதான் இதன் சொந்த மண். நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்க நாட்டின் வடபகுதி என்று பரவிக் கிடக்கிறது. அறிவியல் பெயர் ஹார்ப்பகோஃபைட்டம் புரோகம்பென்ஸ். எள் குடும்பத்தைச் சேர்ந்தது, நம்மூர் ஆனை நெருஞ்சிலும் அதே குடும்பம்தான். அதனால் பூவைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

காய்தான் விசித்திரமானது. கட்டைபோலக் காய்ந்து, நாலு பக்கமும் கொக்கி கொக்கியாக வளைந்த கைகளோடு கிடக்கும். மாடோ மானோ மிதித்தால் குளம்பில் மாட்டிக்கொண்டு விதை ஊர் சுற்றும். ஆனால் மருந்துக்கும் அந்தக் காய்க்கும் சம்பந்தம் இல்லை. மண்ணுக்குள் ஒரு தடித்த ஆணிவேர் இறங்கியிருக்கும், அதிலிருந்து பக்கவாட்டில் வேர்கள் ஓடி அங்கங்கே கிழங்கு வைக்கும். அந்தப் பக்கக் கிழங்கைத்தான் தோண்டி, வட்டவட்டமாக நறுக்கி, வலைமேல் பரப்பிக் காயவைத்து விற்கிறார்கள். மழை இல்லாத மாதங்களில் மேலே இருக்கும் கொடி முழுக்கக் காய்ந்து மறைந்துவிடும், கீழே கிழங்கு மட்டும் தண்ணீரையும் சர்க்கரையையும் பிடித்து வைத்துக்கொண்டு உயிரோடு காத்திருக்கும்.

ஸீஹெரி என்று இன்னொரு இனமும் இருக்கிறது, அது கொஞ்சம் வடக்கே, அங்கோலா, ஸாம்பியா பக்கம் வரை போகும். ஐரோப்பிய மருந்து நூல் (மருந்துச் சரக்குகளின் தரத்தை வரையறுக்கும் அதிகாரபூர்வ நூல்) இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பின்னால் வருகிறேன்.

நம்மூரில் ரோட்டோரம் இருக்கும் புலிநகக் காயும் இதுவும் ஒன்றா?

இல்லை. புலிநகம், காக்காமூக்கு என்றெல்லாம் சொல்கிற அந்தச் செடி மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்து இங்கே பரவியது. ஆங்கிலத்தில் அதையும் சிலர் டெவில்ஸ் க்ளா என்றே எழுதுவதால் வரும் குழப்பம் இது. இதன் பெயரில் நடந்த எந்த ஆய்வும் அதற்குப் பொருந்தாது. பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள்.

ஆப்பிரிக்காவில் யார், எதற்குப் பயன்படுத்தினார்கள்?

சான் மக்கள், நாமா மக்கள், ட்ஸ்வானா மக்கள் எல்லோருக்கும் இது பழகிய வேர். காய்ச்சல், அஜீரணம், பசியின்மை, வலி, பிரசவத்துக்குப் பிறகு வரும் நோவு என்று பலதுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அரைத்துக் கொழுப்பில் குழைத்துப் புண்ணுக்கும் கட்டிக்கும் பூசியிருக்கிறார்கள். கவனித்தீர்களா, இன்று டப்பாவில் பெரிதாக அச்சடிக்கிற 'மூட்டு வலி' அந்தப் பட்டியலில் ஒரு மூலையில்தான் வருகிறது. அங்கே இது முதலில் ஒரு கசப்பு மருந்து, வயிற்றுக்கும் காய்ச்சலுக்குமானது. மூட்டை முன்னால் கொண்டுவந்தது ஜெர்மனி.

ஜெர்மனிக்கு எப்படிப் போனது?

நமீபியா அப்போது ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரில் ஜெர்மனியின் காலனி. 1900களின் முதல் பத்தாண்டில் அங்கே இருந்த மேனெர்ட் என்ற ஜெர்மானியர், ஜெர்மன் மருத்துவர்கள் கைவிட்ட ஒருவரை உள்ளூர் வைத்தியர் இந்த வேரால் தேற்றியதைப் பார்த்தார் என்றும், வைத்தியர் இடத்தைச் சொல்லாததால் நாயை விட்டு மோப்பம் பிடித்துச் செடியைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை எல்லாப் புத்தகங்களிலும் வரும். நாய் பகுதி எவ்வளவு உண்மையோ! ஆனால் அந்தக் கதை நடக்கிற ஆண்டுகள், 1904 முதல் 1908 வரை, ஜெர்மன் படை ஹெரேரோ, நாமா மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஆண்டுகள் என்பதை மூலிகை நிறுவனங்களின் 'எங்கள் வரலாறு' பக்கங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஜெர்மன் அரசு அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டதே 2021இல்தான்.

1950களில் ஜெர்மனியின் யேனா நகரில் ஸோர்ன் என்பவர் விலங்குகளில் சோதித்து, 1958இல் மூட்டு அழற்சிக்கு இந்த வேர் உதவுகிறது என்று எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் ஏற்றுமதி ஆரம்பித்தது. இன்றும் ஜெர்மனியில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் கிடைக்கும்.

கிழங்குக்குள் என்ன இருக்கிறது?

எடையில் பார்த்தால் அதிகம் இருப்பது சர்க்கரை வகைகள், முக்கியமாக ஸ்டாக்கியோஸ். மருந்தாகப் பேசப்படுவது இரிடாய்டு கிளைகோசைடு என்ற கசப்புப் பொருட்கள். அதில் ஹார்ப்பகோசைடு முதல் ஆள், ஹார்ப்பகைடு, புரோகம்பைடு எல்லாம் கூட வரும். இவை போக ஆக்டியோசைடு மாதிரியான ஃபீனால் பொருட்கள், கொஞ்சம் டைடெர்பீன்கள் என்ற எண்ணெய்த்தன்மை உள்ள பொருட்கள்.

ஐரோப்பிய மருந்து நூல்படி காய்ந்த கிழங்கில் குறைந்தது 1.2 சதவீதம் ஹார்ப்பகோசைடு இருக்க வேண்டும். ஸீஹெரி இனத்தில் பொதுவாக இது குறைவு, அதன் உறவுக்காரப் பொருள் ஒன்று அதிகம். பக்கக் கிழங்கில் இருக்கிற அளவு ஆணிவேரில் இல்லை, தண்டிலும் இலையிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. ஆக எந்த இனம், எந்தப் பாகம் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

பவுடர் என்கிறார்கள், எக்ஸ்ட்ராக்ட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பவுடர் என்பது கிழங்கைக் காயவைத்து இடித்தது, உள்ளதெல்லாம் அதில் இருக்கும். எக்ஸ்ட்ராக்ட் என்பது அந்தக் கிழங்கை ஏதோ ஒரு திரவத்தில் ஊறவைத்து, வடிகட்டி, திரவத்தை ஆவியாக்கிவிட்டு மிஞ்சுவதை எடுப்பது. அந்த 'ஏதோ ஒரு திரவம்' எது என்பதைப் பொறுத்து மிஞ்சுவது அடியோடு மாறும். தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரை எல்லாம் கரைந்து வந்துவிடும், கசப்புப் பொருளும் வரும், எண்ணெய்த்தன்மை உள்ளவை வராது. ஆல்கஹால் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் சர்க்கரை குறையும், ஹார்ப்பகோசைடின் பங்கு ஏறும், தண்ணீரில் வராத வேறு சில பொருட்களும் சேர்ந்து வரும். டீ டிகாக்ஷன் கொதிக்கிற நீரில் ஒரு மாதிரி, பச்சைத் தண்ணீரில் ஒரு மாதிரி இறங்குவது நமக்குத் தெரியும், இங்கே திரவமே மாறுகிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

இதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு இந்த வேரைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தில் 'டெவில்ஸ் க்ளா இவ்வளவு சாப்பிடலாம்' என்று ஒரே வரியில் எழுதவில்லை. தண்ணீரில் எடுத்தது, 30 சதவீத ஆல்கஹாலில் எடுத்தது, 60இல் எடுத்தது, 90இல் எடுத்தது என்று ஒவ்வொன்றையும் தனி மருந்தாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு கொடுத்திருக்கிறார்கள். எத்தனை கிலோ கிழங்கிலிருந்து ஒரு கிலோ எக்ஸ்ட்ராக்ட் வருகிறது என்ற விகிதமும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

ஆனால் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஜெர்மனியில் ஒரு குறிப்பிட்ட எக்ஸ்ட்ராக்டை வைத்து நடந்த ஆய்வின் முடிவை எடுத்து, எந்த ஊரிலோ இடித்த பவுடர் டப்பாவின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். செடி ஒன்றுதானே என்பது அவர்கள் நியாயம்.

உடம்புக்குள் இது என்ன செய்கிறது?

இங்கேதான் கதை சுவாரசியமாகவும் சிக்கலாகவும் ஆகிறது.

சோதனைக் குழாயில், அதாவது செல்களை எடுத்து வைத்து அதன்மேல் ஊற்றிப் பார்த்தால், இந்த எக்ஸ்ட்ராக்ட்கள் அழற்சியைத் தூண்டும் பல பாதைகளைக் குறைக்கின்றன. டைக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபென் எல்லாம் தடுக்கிற காக்ஸ்-2 நொதியின் உற்பத்தி குறைகிறது. லியூகோட்ரியீன் என்ற பொருள் குறைகிறது. டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை ரத்த வெள்ளை அணுக்கள் வெளியிடுவதும் குறைகிறது.

சரி, இதையெல்லாம் செய்வது ஹார்ப்பகோசைடுதானே என்று நினைத்தால், முழுக்க அப்படி இல்லை. 2001இல் வந்த ஒரு ஆய்வில் முழு எக்ஸ்ட்ராக்ட் டி.என்.எஃப்-ஆல்ஃபாவைக் குறைத்தது, ஆனால் சுத்தமான ஹார்ப்பகோசைடைத் தனியாகப் போட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. பன்றித் தோலில் நடந்த வேறொரு சோதனையில் ஹார்ப்பகோசைடு காக்ஸ்-2ஐக் குறைத்தது, அதன் நெருங்கிய உறவான ஹார்ப்பகைடோ கூட்டிவிட்டது! ஒரே கிழங்குக்குள் இரண்டும் இருக்கின்றன. ஆக லேபிளில் ஹார்ப்பகோசைடு இத்தனை மில்லிகிராம் என்று போடுவது அளப்பதற்கு வசதியான ஒரு அடையாளம், அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்தின் பலத்தைக் கணக்குப் போட முடியாது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஆய்வுகள் உண்டு. 1983இல் கனடாவில் வெளியான ஒரு ஆய்வில் எலிகளுக்கு மனிதர்கள் எடுக்கும் அளவைவிடப் பல மடங்கு கொடுத்தும் கால் வீக்கம் குறையவில்லை. 1992இல் மனிதர்களுக்குக் கொடுத்து ரத்தத்தைப் பரிசோதித்தபோது ஆஸ்பிரின் மாதிரியான எந்தப் பாதிப்பும் தெரியவில்லை. இது வலிமாத்திரை மாதிரியே வேலை செய்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர்கள் பாதி ஆய்வுகளை மட்டும் படித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வயிற்று அமிலத்தில் இது கெட்டுவிடும் என்கிறார்களே?

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரான்ஸில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். எக்ஸ்ட்ராக்டை வயிற்றுக் குழிக்குள் ஊசியாகப் போட்டால் வீக்கம் குறைந்தது, குடலுக்குள் நேரடியாகச் செலுத்தினாலும் குறைந்தது, வாய் வழியாக இரைப்பைக்குள் போனால் பலன் இல்லை. இரைப்பையில் இருப்பது போன்ற அமிலத்தில் முதலில் ஊறவைத்துவிட்டுக் கொடுத்தாலும் பலன் போய்விட்டது.

இதை வைத்துத்தான் சில நிறுவனங்கள் குடலில் போய்க் கரையும் பூச்சு போட்ட மாத்திரையைக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. ஆனால் பின்னால் செயற்கை இரைப்பை நீரில் மாத்திரைகளைப் போட்டுச் சில மணி நேரம் பார்த்தபோது ஹார்ப்பகோசைடு கொஞ்சம்தான் குறைந்தது. மனிதர்கள் வாயால் விழுங்கிய பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது தென்படுவதையும் அளந்திருக்கிறார்கள். பூச்சு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வீண் என்று சொல்வதற்கில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் வயிற்றுக்கும் தொந்தரவு குறைவு.

மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? இடுப்பு வலிக்கு?

பார்த்திருக்கிறார்கள். பெயர் தெரிந்த மூலிகைகள் பலதுக்கு இல்லாத அதிர்ஷ்டம் இதற்கு, பிளாசிபோ வைத்த ஆய்வுகளே இருக்கின்றன. பிளாசிபோ என்றால் பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்து இல்லாத மாத்திரை.

1996இல் ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 118 பேரிடம் நடந்தது முதலில். நாள் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் ஹார்ப்பகோசைடு வரும்படி எக்ஸ்ட்ராக்ட் கொடுத்தார்கள். அவர்கள் முதன்மையாக அளக்க நினைத்தது, கூடவே எடுத்துக்கொள்ளும் டிரமடால் என்ற வலிமாத்திரையின் தேவை குறைகிறதா என்பதை. குறையவில்லை. ஆனால் கடைசியில் வலியே இல்லை என்று சொன்னவர்கள் மருந்து எடுத்த 51 பேரில் 9 பேர், பிளாசிபோ எடுத்த 54 பேரில் 1. விளம்பரங்களில் இந்த ஒன்பதுக்கு ஒன்று மட்டும் வரும், டிரமடால் விஷயம் வராது. ஆய்வின் முக்கியக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தபிறகு பக்கக் கேள்விக்கு வந்த 'ஆமாம்' எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

1999இல் 197 பேரிடம், நாலு வாரம், மூன்று பிரிவாக: பிளாசிபோ, 600 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட், 1200 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட். கடைசி வாரத்தில் குறைந்தது ஐந்து நாள் வலி இல்லாமல் இருந்தவர்கள் முறையே 3, 6, 10 பேர். அளவு கூடக் கூடப் பலன் கூடுகிறது, அது நல்ல அறிகுறிதான். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் சுமார் அறுபத்தைந்து பேர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், அதிக அளவு எடுத்த பிரிவிலேயே அந்த நிலைக்கு வந்தவர்கள் ஆறில் ஒருவருக்கும் குறைவு.

2003இல் 88 பேரிடம், 60 மில்லிகிராம் ஹார்ப்பகோசைடு கொண்ட எக்ஸ்ட்ராக்டை ரோஃபெகாக்ஸிப் என்ற வலிமாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 'வலிமாத்திரைக்குச் சமம்' என்ற வாசகம் இங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் இரண்டும் சமம் என்று நிரூபிக்க அந்த எண்ணிக்கை போதாது, பிளாசிபோ பிரிவும் இல்லை. கூடவே ஒரு தகவல்: அந்த ரோஃபெகாக்ஸிப், வையாக்ஸ் என்ற பெயரில் விற்றது, மாரடைப்பு அபாயத்தால் அடுத்த ஆண்டே, 2004 செப்டம்பரில், உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பு), குறுகிய காலத்துக்கு இடுப்பு வலியைப் பிளாசிபோவைவிடக் குறைக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் குறைவு என்கிற தொனியில் முடிக்கிறது. நான் படித்த அளவில் அதுதான் நியாயமான தீர்ப்பு.

முழங்கால் தேய்மானத்துக்கு?

பெரிதாகப் பேசப்படுவது 2000இல் பிரான்ஸில் வந்த ஆய்வு. முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள 122 பேர், நாலு மாதம். ஒரு பாதிக்கு இந்தக் கிழங்கு, மறுபாதிக்கு டயாசெரின் என்ற மாத்திரை (நம்மூர் எலும்பு மருத்துவர்களும் எழுதிக்கொடுக்கிற மாத்திரைதான்). வலி இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தது, கிழங்கு எடுத்தவர்களுக்குக் கூடுதல் வலிமாத்திரை தேவைப்பட்டது குறைவு, வயிற்றுப்போக்கும் குறைவு.

இதில் கொடுத்தது எக்ஸ்ட்ராக்ட் இல்லை, கடும் குளிரில் அரைத்த பவுடர், நாள் ஒன்றுக்கு இரண்டரை கிராமுக்கு மேல். ஆக பவுடரே உதவாது என்று நான் மேலே சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல கிழங்கைக் கெடாமல் அரைத்து, போதுமான அளவு கொடுத்தால் பவுடருக்கும் ஒரு வாதம் இருக்கிறது. நாளுக்கு ஒரு 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் விழுங்குவதற்கு அந்த வாதம் பொருந்தாது.

தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மறுபடி வளரும் என்பதற்கு மனிதர்களிடம் சான்று கிடையாது.

முடக்குவாதத்துக்கு?

வேண்டாம். அது உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே தாக்குகிற நோய், மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி மருந்தைத் தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். இந்தக் கிழங்கால் அதை நிறுத்த முடியும் என்று காட்டிய ஆய்வு இல்லை.

ஐரோப்பாவில் அரசே அங்கீகரித்த மருந்து என்கிறார்களே?

பாதி உண்மை. ஐரோப்பிய மூலிகைக் குழு இதைப் 'பாரம்பரியப் பயன்பாடு' என்ற பிரிவில் வைத்திருக்கிறது: லேசான மூட்டு வலி, வயிறு உப்புசம் மாதிரியான லேசான அஜீரணம், தற்காலிகப் பசியின்மை. அந்தப் பிரிவுக்கு வேண்டியது நீண்ட காலமாகப் பெரிய தீங்கில்லாமல் பயன்பாட்டில் இருக்கிறது என்ற ஆதாரம். பலன் ஆய்வில் உறுதியாக நிரூபிக்கப்பட்டது என்பதற்கான பிரிவு வேறு, இது அதில் இல்லை. இங்கிலாந்தில் டப்பாவின் மேல் இருக்கும் மூலிகை முத்திரையும் இதே வகைதான், உள்ளே இருக்கும் சரக்கின் தரத்துக்கு அது ஒரு உத்தரவாதம், அந்த மட்டில் நல்லது.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

எந்த இனம், வேர்க் கிழங்கா, பவுடரா எக்ஸ்ட்ராக்டா, எந்தத் திரவத்தில் எடுத்தது, ஹார்ப்பகோசைடு எத்தனை சதவீதம். இவற்றில் எதுவுமே இல்லாமல் 'டெவில்ஸ் க்ளா 1000 மி.கி.' என்று மட்டும் இருந்தால் அந்த ஆயிரத்துக்கு அர்த்தம் இல்லை.

கணக்கு எளிதுதான். 500 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்டில் 2.5 சதவீதம் ஹார்ப்பகோசைடு என்றால் ஒரு கேப்ஸ்யூலில் 12.5 மில்லிகிராம், ஆய்வுகளில் கொடுத்த 50 மில்லிகிராமைத் தொட நாள் ஒன்றுக்கு நாலு வேண்டும். அதே 500 மில்லிகிராம் 1.2 சதவீதப் பவுடர் என்றால் 6 மில்லிகிராம்தான், எட்டு கேப்ஸ்யூல் போட்டாலும் 50 வராது. டப்பாவிலோ 'தினம் ஒன்று' என்று எழுதியிருக்கும். நான் மேலே சொன்னதுபோல ஹார்ப்பகோசைடு எண் முழு உண்மை இல்லை, ஆனாலும் இவ்வளவு தூரம் கீழே இருந்தால் ஆய்வைக் காட்டி விற்க அவர்களுக்கு உரிமை இல்லை.

பக்கவிளைவு? யார் தொடவே கூடாது?

மிகவும் பொதுவானது வயிற்றுப்போக்கு. அப்புறம் குமட்டல், வயிற்று வலி, சிலருக்குத் தலைவலி, தலைசுற்றல், அபூர்வமாகத் தோலில் அலர்ஜி. 2008இல் 28 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பக்கவிளைவு பிளாசிபோவைவிட அதிகம் இல்லை, சில வாரங்களுக்கு எடுப்பது பெரும்பாலும் பாதுகாப்பு என்றுதான் வந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆய்வுகள் பதில் சொல்லாது, அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் முடிந்தவை.

அல்சர் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது, கசப்பு மருந்து அமிலச் சுரப்பைத் தூண்டும். பித்தப்பைக் கல் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கண்டிப்பாக வேண்டாம்: எலிகளின் கருப்பைத் தசையை இந்த எக்ஸ்ட்ராக்ட் சுருங்க வைப்பதாகத் தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வேண்டாம். இதய நோய் உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை இருக்கிறது, எலிகளில் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் இது மாற்றியதால்.

ஏற்கெனவே மாத்திரைகள் சாப்பிடுகிறேன். சேர்த்து எடுக்கலாமா?

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் விலகியே இருங்கள். இரண்டையும் சேர்த்து எடுத்த ஒருவருக்குத் தோலுக்கடியில் ரத்தக் கசிவு வந்ததாக இங்கிலாந்தில் பதிவு இருக்கிறது. ஒரே ஒரு பதிவுதான், ஆனால் வார்ஃபரின் விஷயத்தில் நான் சூதாட மாட்டேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் டப்பாவை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். 'ஏதோ மூலிகை மாத்திரை' என்று சொன்னால் அவருக்கும் ஒன்றும் புரியாது.

சர்க்கரை, மலேரியாவுக்கும் நல்லது என்று படித்தேனே?

சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் தண்ணீர் எக்ஸ்ட்ராக்ட் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. வேரில் உள்ள இரண்டு டைடெர்பீன்கள் சோதனைக் குழாயில் மலேரியாக் கிருமிக்கு எதிராக வேலை செய்திருக்கின்றன. அவை தண்ணீரில் வராதவை, பெட்ரோலியம் ஈதரில் எடுத்தவை, கடையில் விற்கும் கேப்ஸ்யூலில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எலியும் சோதனைக் குழாயும் தாண்டி மனிதர்களிடம் இதெல்லாம் வரவில்லை.

நான் வாங்கினால் ஆப்பிரிக்காவில் அந்த மக்களுக்குப் பணம் போகிறதா? செடி அழிந்துவிடாதா?

உலகச் சந்தைக்குப் போகும் கிழங்கில் பெரும்பகுதி நமீபியாவிலிருந்து, அதுவும் காட்டில் தோண்டியெடுத்தது. தோண்டுபவர்கள் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள், அவர்களில் சான் மக்கள் பலர். வேறு பண வரவே இல்லாத ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை கையில் காசு பார்ப்பது இதனால்தான். ஆனால் காய்ந்த கிழங்குக்கு அவர்களுக்குக் கிடைக்கும் விலைக்கும், ஐரோப்பியக் கடையில் மாத்திரையாக மாறியபின் உள்ள விலைக்கும் நடுவே இருக்கும் தூரம் கொஞ்சநஞ்சமில்லை.

தோண்டுவதற்கு முறை இருக்கிறது: பக்கக் கிழங்கை மட்டும் எடுத்து, ஆணிவேரைத் தொடாமல் குழியை மூடிவிட்டால் செடி பிழைத்து மறுபடி கிழங்கு வைக்கும். அவசரத்தில் ஆணிவேரையும் பிடுங்கினால் அங்கே அது முடிந்தது. நமீபியா 1977லேயே இதைப் பாதுகாக்கப்பட்ட செடியாக அறிவித்து அனுமதிச் சீட்டு முறை கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டு நைரோபியில் நடந்த சைட்டீஸ் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) மாநாட்டில் இதன் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஜெர்மனி முன்மொழிந்தது, வாங்குவதில் முதலிடமும் அவர்களுக்குத்தான்! ஏழைகளின் பிழைப்பு போய்விடும் என்று செடி வளரும் நாடுகள் எதிர்க்க, முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. நமீபியாவின் வடகிழக்கில் ட்சும்குவே பக்கம் ஜுஹோன்சி சான் மக்கள் தங்கள் காப்பகத்தில் ஆணிவேரை விட்டுவிட்டு, இயற்கைச் சான்றிதழோடு எடுத்து விற்கிறார்கள். லேபிளில் கிழங்கு எங்கிருந்து வந்தது என்று போட்டிருக்கிற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் இப்படிப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர ஒரு வாய்ப்பாவது உண்டு.

தோட்டத்தில் வளர்க்கலாமா?

மறந்துவிடுங்கள். விதை முளைக்கவே ஆண்டுக்கணக்கில் அடம்பிடிக்கும், நம் மழைக்கும் களிமண்ணுக்கும் கிழங்கு அழுகிவிடும்.

குதிரைகளுக்குக்கூடக் கொடுக்கிறார்களாமே?

ஆமாம், ஐரோப்பாவில் நொண்டும் குதிரைகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுப்பது சகஜம். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்போ ஹார்ப்பகோசைடைப் போட்டி நேரத்தில் இருக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

மேலே சொன்ன தடைகள் எதுவும் உங்களுக்கு இல்லை, மருத்துவரும் சரி என்கிறார் என்றால் லேபிளில் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு, நாலு வாரம் எடுத்துப் பாருங்கள். முதல் வாரத்திலேயே வலி போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடுக்க ஆரம்பித்த நாளில் எவ்வளவு வலி, எத்தனை வலிமாத்திரை போட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியதாலேயே குறைந்த மாதிரி தோன்றும். நாலு வாரத்தில் அந்தத் தாளில் வித்தியாசம் இல்லை என்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம். வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். மூட்டு சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது, கூடவே காய்ச்சல் என்றால் நாலு வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு.